பதினொரு தடவை

பக் நாயை மக்கு என்று யாராவது சொன்னால் எனக்குப் பிடிக்காது. அது மக்கு இல்லை, அதற்கு அவசரம் இல்லை, அவ்வளவுதான். 'உட்கார்' என்று சொன்னதும் அது முதலில் உங்கள் முகத்தைப் பார்க்கும், பிறகு கையைப் பார்க்கும். கையில் தின்ன ஏதாவது இருந்தால் உட்காரும், இல்லாவிட்டால் உங்களை நினைத்து ஒரு பெருமூச்சு விடும். இதில் அறிவு எங்கே குறைந்துபோயிற்று? நாமும் அப்படித்தானே வேலைக்குப் போகிறோம்.

நீங்கள் என்னை நேராக அந்தச் செவ்வாய்க்கிழமை நடந்ததற்கு வரச் சொல்கிறீர்கள். வருகிறேன். ஆனால் என் நோட்டை மேசைமேல் வைத்துக்கொண்டு அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல் இருக்கிறீர்கள். நடந்ததெல்லாம் அதிலிருந்துதான் தொடங்கியது. அதனால் நானும் அங்கிருந்தே தொடங்குகிறேன். நீங்கள் நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள், நான் எங்கும் ஓடப் போவதில்லை.

இருபத்திரண்டு வருடமாக நான் வீடு வீடாகப் போய் நாய் பழக்குகிறேன். சின்ன நாய்கள் மட்டும். பெரிய நாய் பழக்குகிறவர்களுக்கு ஒரு மரியாதை உண்டு. சின்ன நாய் என்றால் சிரிப்பார்கள். "தூக்கிக் கக்கத்துல வெச்சுக்கிட்டாப் போச்சு, இதுக்கெதுக்கு மாஸ்டர்?" என்று என்னிடமே கேட்டவர்கள் உண்டு. அந்த எரிச்சலில்தான் நோட்டுப் போட ஆரம்பித்தேன். நாய்க்கு ஒரு பக்கம். புதுச் சொல் ஒன்றை எத்தனை தடவை சொல்லிக்கொடுத்தால் பத்துக்கு ஒன்பது முறை தப்பில்லாமல் செய்கிறது என்று எண்ணி எழுதுவேன். ஒன்றைக்கூடக் கூட்டியோ குறைத்தோ எழுதியதில்லை. ஒரே ஒரு பக்கத்தைத் தவிர. அதற்கு வருகிறேன்.

டாக்ஸ்ஹண்டுக்கு நாற்பது தடவை. முதல் பத்திலேயே அதற்குப் புரிந்துவிடும், மீதி முப்பது செய்யலாமா வேண்டாமா என்று யோசிப்பதற்கு. பொமரேனியனுக்கு இருபத்தைந்து, ஆனால் ஒவ்வொரு தடவையும் அது குரைத்துச் சொல்லும் அபிப்பிராயத்தையும் நாம் கேட்டாக வேண்டும். ஷிட்சுவுக்கு அறுபது. செய்யும், ஆனால் உங்களுக்கு ஏதோ உபகாரம் பண்ணுகிற மாதிரி செய்யும். சிவாவா ஒரே ஒரு ஆள் சொன்னால்தான் கேட்கும், அந்த ஆள் அநேகமாக நீங்களாக இருக்க மாட்டீர்கள். பூடில் விஷயமே வேறு. அது நீங்கள் கற்றுக்கொடுப்பதையும் கற்றுக்கொள்ளும், கற்றுக்கொடுக்கிறோம் என்று உங்களுக்கே தெரியாமல் கொடுப்பதையும் கற்றுக்கொள்ளும். பூடில் இருக்கும் வீட்டில் தும்முவதற்குக்கூட நான் யோசிப்பேன்.

என் வேலையில் பேச்சு குறைவு. உட்கார், வா, இரு, படு, போதும். ஒரு நாளைக்கு இந்த ஐந்து சொற்களை முந்நூறு தடவை சொல்வேன். சாயங்காலம் அறைக்குத் திரும்பினால் அந்த ஐந்துக்கும் வேலை இல்லை. நாய் வளர்க்கக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் அறை கொடுத்தார்கள். இதைச் சொன்னால் எல்லோரும் சிரிக்கிறார்கள், நீங்களும் சிரிக்கலாம். போகிற வீடுகளில் நாயிடம் பேசுவார்கள், நாய் வழியாக என்னிடம் பேசுவார்கள். "மாமாவுக்கு டாட்டா சொல்லு" என்று நாயிடம் சொல்வார்கள். நாய்க்குப் பிறந்தநாள் என்று எனக்குக் கேக் கொடுத்த வீடுகள் நாலைந்து இருக்கும். என் ஊர் எது, எனக்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்ட வீடு ஒன்றுதான். அந்த வீட்டைப் பற்றித்தான் நீங்கள் கேட்கிறீர்கள்.

என்னை அழைத்தது அந்த அம்மாவின் தங்கை. இரண்டாவது மாடி, எதிரும் புதிருமாக இரண்டு கதவுகள். ஒன்றில் அந்த அம்மா தனியாக. எதிரே ஒரு டெய்லர், வீட்டிலேயே மெஷின் போட்டுத் தைக்கிறவர். முதல் நாள் தங்கை வெளியூரிலிருந்து வந்திருந்தார்.

"அக்காவுக்குத் தலைசுத்தல் மாஸ்டர். காதுக்குள்ள ஏதோ கோளாறுன்னு டாக்டர் சொல்றார். எப்ப விழுவான்னு அவளுக்கே தெரியாது. எங்கூட வந்து இருன்னா கேக்க மாட்டேங்குறா. விழுந்து கிடந்தா இந்த நாயாவது போய் ஆளைக் கூப்பிடணும்."

அக்கா சிரித்தார். "முப்பத்து நாலு வருஷம் டெலிபோன் ஆபரேட்டரா இருந்தேன் மாஸ்டர். ஊருல உள்ளவனுக்கெல்லாம் ஆளைக் கூப்பிட்டுக் குடுத்தேன். இப்ப எனக்குக் கூப்பிட ஒரு நாய்."

நாயின் பெயர் பட்டன். டாய் பூடில், கறுப்பு, ஒரு வயது. கோட்டுப் பட்டன் மாதிரி கண்கள் என்று டெய்லர் வைத்த பெயராம். ஏற்பாடு எளிமையானது. அந்த அம்மாவின் கதவுக்கு வழக்கத்தைவிட நீளமான சங்கிலி போட்டிருந்தார்கள். பகல் முழுவதும் கதவு ஒரு சாண் திறந்தே இருக்கும், பட்டன் அதில் நுழைந்து வெளியே வரலாம், மனிதர்கள் யாரும் உள்ளே போக முடியாது. டெய்லரின் கதவில் முழங்கால் உயரத்தில் ஒரு மணிப் பொத்தான் வைத்திருந்தார்கள். மெஷின் ஓடும்போது அவருக்கு எதுவும் காதில் விழாது, ஆனால் அந்த மணி அவர் மெஷினுக்குப் பக்கத்திலேயே அடிக்கும். அந்த அம்மா 'கூப்பிடு' என்று சொன்னால் பட்டன் போய் அந்தப் பொத்தானை முன்காலால் அழுத்த வேண்டும். இவ்வளவுதான் பாடம்.

செவ்வாய்க்கிழமை தோறும் நாலு மணி முதல் ஐந்து மணி வரை. நாய் கற்றுக்கொண்டதும் நிறுத்திக்கொள்வது என்று பேச்சு.

நான் மணி அடித்தால் அந்த அம்மா சங்கிலியைக் கழற்றும்போதே சொல்வார், "சொல்லுங்க, கேக்குது." பழைய வேலையின் வாய்ப்பழக்கம். காபி போட உள்ளே போகும்போது, "லைன்ல இருங்க மாஸ்டர், வரேன்" என்பார். தலைசுற்றலுக்குப் பயந்து சுவரைத் தடவிக்கொண்டே போவார், வரப் பத்து நிமிடம் ஆகும். அந்தப் பத்து நிமிடமும் சமையலறையிலிருந்தே பேசிக்கொண்டிருப்பார். யாரோ ஒரு கணவன் மனைவி பதினேழு வருடம் சண்டை போட்டதை நடுவில் உட்கார்ந்து கேட்ட கதை, தப்பான எண்ணுக்குப் போட்டுக் கொடுத்து அதனால் நடந்த ஒரு கல்யாணம். பிறகு என்னைக் கேட்பார். நேற்று என்ன சாப்பிட்டீர்கள், அந்த டாக்ஸ்ஹண்ட் வழிக்கு வந்ததா, அம்மா இறந்தபோது உங்களுக்கு என்ன வயது. நான் பதில் சொன்னால் குறுக்கே பேசாமல் கேட்பார். அப்படி யாரும் என்னைக் கேட்டதில்லை. எனக்கு அழுகை வந்திருக்கிறது, அதைப் பட்டனின் காதைப் பார்க்கிற மாதிரி குனிந்து மறைத்திருக்கிறேன்.

இரண்டாவது செவ்வாய்க்கிழமை பட்டன் பாடத்தை முடித்துவிட்டது.

அந்த அம்மா ஒரு துணி வாங்க டெய்லர் வீட்டுக்குப் போயிருந்தார். நானும் பட்டனும் மட்டும் பழகிக்கொண்டிருந்தோம். பொத்தானை அழுத்த அது முதல் வாரமே பழகிவிட்டது, மிச்சம் இருந்தது 'கூப்பிடு' என்ற சொல்தான். பதினோராவது தடவைக்குப் பிறகு அது பத்துக்குப் பத்து, தப்பே இல்லாமல் கதவுவரை ஓடிச் சங்கிலி இடுக்கில் தலையை நீட்டித் திரும்பிப் பார்த்தது, போகவா என்று. இருபத்திரண்டு வருடத்தில் பதினொன்றை நான் பார்த்ததில்லை. பென்சிலைக் கையில் எடுத்தேன். அந்த எண்ணை எழுதினால் அதைச் சொல்ல வேண்டும். சொன்னால் மூன்றாவது செவ்வாய்க்கிழமை என்று ஒன்று இல்லை.

நான் பென்சிலைப் பையில் போட்டேன். பிறகு பட்டனைக் கூப்பிட்டு, 'கூப்பிடு' என்று மெல்லச் சொல்லி, கையைத் தரைக்குக் காட்டினேன். அது குழம்பிப் போய்ப் படுத்தது. ஒரு ஈரல் துண்டு கொடுத்தேன். காயவைத்து மொச்சை அளவுக்கு நறுக்கி வைத்திருப்பேன், அதற்காக எந்த நாயும் தன் சொந்த அம்மாவையே விற்கும். 'கூப்பிடு' என்றால் ஓடு என்பதை, 'கூப்பிடு' என்றால் படு, நான் 'போதும்' என்று சொல்லும்வரை அசையாதே என்று மாற்றுவதற்கு எட்டுத் தடவைதான் ஆயிற்று. அதையும் நான் எழுதவில்லை.

அதன் பிறகு ஒவ்வொரு செவ்வாயும் அந்த அம்மா காபி போடப் போகும் பத்து நிமிடத்தில் நாங்கள் இதைத்தான் பழகினோம். அவர் வந்ததும் பாடம். அவர் விரிப்பில் மெல்லப் படுத்துக்கொண்டு, விழுந்ததாகப் பாவனை செய்து, "பட்டன், கூப்பிடு" என்பார். பட்டன் அவருக்குப் பக்கத்தில் படுத்து முன்கால்மேல் தாடையை வைத்துக்கொள்ளும். அவர் படுத்தபடியே சிரிப்பார்.

"என்ன மாஸ்டர் இது, எனக்குத் துணைக்குப் படுக்குது?"

"பூடில்னா புத்திசாலின்னு சும்மா பேர் வாங்கி வெச்சிருக்கும்மா. இன்னும் கொஞ்ச நாள் ஆகும்."

"பரவாயில்ல, மக்கா இருந்தாலும் எங்க வீட்டுப் புள்ள. எனக்கும் ஸ்கூல்ல கணக்கு வரல."

நோட்டில் பட்டனின் பக்கத்தில் நாற்பது என்று எழுதினேன், பிறகு தொண்ணூறு, பிறகு இருநூறு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஒரு பக்கைவிட, ஒரு ஷிட்சுவைவிடக் கேவலமான எண். அதை எழுதும்போதெல்லாம் எனக்குக் கை கூசியது. பட்டன் என் காலடியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும். அதனிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறேன், சத்தமாகவே.

பதினான்கு மாதம் இப்படிப் போயிற்று. அந்தப் பதினான்கு மாதமும் அவர் விழவில்லை என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். விழுந்திருந்தால் நான் யோசித்திருப்பேன்.

போன மாதக் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை அவருக்குத் தலைசுற்றி, நாற்காலியில் அப்படியே சாய்ந்துவிட்டார். பேச்சு வரவில்லை. அவர் ஒன்றும் சொல்லாமலே பட்டன் இடுக்கில் நுழைந்து போய் மணியை அழுத்திவிட்டது. டெய்லர் கழுத்தில் டேப்போடு ஓடிவந்து, கூப்பிட்டும் பதில் இல்லாததால் சங்கிலியை வெட்டி உள்ளே போய், தண்ணீர் கொடுத்து, தங்கைக்குப் போன் செய்து, மறுநாளே வேறு சங்கிலியும் போட்டுக் கொடுத்தாராம். அடுத்த செவ்வாய் நான் போனபோது அந்த அம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"சொன்னாப் படுக்குது, சொல்லாட்டி ஓடுது மாஸ்டர். எங்க தாத்தா மாதிரி."

நானும் சிரித்தேன். உள்ளுக்குள் எனக்கு ஏற்பட்டது பயம் இல்லை, பெருமை. சொல்லும் இல்லாமல் துண்டும் இல்லாமல், அவர் முகத்தைப் பார்த்தே அது புரிந்துகொண்டிருக்கிறது. எந்தச் சின்ன நாயிடமும் இதை நான் கண்டதில்லை. ஆனால் அவர் தொடர்ந்து சொன்னார், "தங்கச்சி சொல்லிட்டா, இனி மாஸ்டருக்குச் சிரமம் வேண்டாம்னு. அடுத்த செவ்வாயோட போதும். ஆனா நீங்க சும்மா ஒரு நாள் காபிக்கு வாங்க, என்ன?"

சும்மா ஒரு நாள் என்றால் எந்த நாள் என்று யாரும் சொல்வதில்லை. எனக்கு அது தெரியும். அப்படிச் சொன்ன எந்த வீட்டுக்கும் நான் இரண்டாவது தடவை போனதில்லை.

அன்று கிளம்பும் முன் அவரிடம் ஒன்று சொன்னேன். இதைத்தான் நீங்கள் இரண்டு தடவை கேட்டீர்கள், அதனால் வார்த்தை மாறாமல் சொல்கிறேன். "அன்னிக்கு ஏதோ தற்செயலாப் போயிருக்கும்மா. அதை நம்பாதீங்க. விழுந்தா முதல் வேலையா 'கூப்பிடு'ன்னு சொல்லுங்க. சத்தமா, திரும்பத் திரும்பச் சொல்லுங்க." அவர் தலையாட்டினார். என்மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. பாடம் இன்னும் முடியவில்லை என்று அவருக்குத் தெரிய வேண்டும் என்பதுதான் என் எண்ணம். வேறொன்றும் இல்லை.

கடைசிச் செவ்வாய்க்கிழமை நாலு மணிக்கு ஐந்து நிமிடம் முன்பே படியேறிவிட்டேன். டெய்லரின் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. எதிர்க் கதவு சங்கிலியில் ஒரு சாண் திறந்திருந்தது. மணி அடிக்கக் கையைத் தூக்கியபோது உள்ளே அவர் குரல் கேட்டது. "பட்டன், கூப்பிடு." எனக்காகக் காத்திருக்காமல் தானே பழக்கிக்கொண்டிருக்கிறார் என்றுதான் நினைத்தேன். குனிந்து இடுக்கில் பார்த்தேன்.

விரிப்பின்மேல் இல்லை, வெறும் தரையில் கிடந்தார். ஒரு கால் மடங்காத பக்கம் மடங்கியிருந்தது. போன் மேசைமேல் இருந்தது. பட்டன் அவர் கைக்குப் பக்கத்தில் படுத்து, முன்கால்மேல் தாடையை வைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் கண்ணை மட்டும் உயர்த்தியது, உடம்பு அசையவில்லை.

"மாஸ்டரா? நல்லவேளை வந்தீங்க. சொல்லிட்டே இருக்கேன், படுத்தே கிடக்குது."

"சத்தமாச் சொல்லிப் பாருங்கம்மா," என்றேன். அது என் வாய்ப்பழக்கம்.

அவர் சொன்னார். நான் அங்கே நின்றிருந்த நேரத்தில் ஆறு தடவை சொன்னார். ஆறு தடவையும் பட்டன் தாடையை இன்னும் கொஞ்சம் அழுத்தமாகக் கால்மேல் வைத்தது. தப்பே இல்லை. வேலையைச் சரியாகச் செய்த நாய்க்குத் துண்டு கொடுக்காமல் போனால் பழக்கம் கெட்டுவிடும். நான் பையிலிருந்து ஒரு ஈரல் துண்டை எடுத்து, இடுக்கு வழியாகக் கையை விட்டு, கதவோரம் இருந்த அதன் தண்ணீர்க் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். அந்த அம்மா என் கையைப் பார்த்தார். நாயைப் பார்த்தார். மறுபடி என் கையைப் பார்த்தார். பிறகு 'கூப்பிடு' என்று சொல்லவே இல்லை.

டெய்லரின் பொத்தான் எனக்குப் பின்னால் இரண்டு அடியில் இருந்தது. முழங்கால் உயரம், கொஞ்சம் குனிந்தால் போதும். அழுத்தினால் அவர் வருவார், டாக்டர் வருவார், தங்கை வருவார். வந்தவர்கள் முதலில் கேட்பது, நாய் ஏன் போகவில்லை என்பதாக இருக்கும். அந்த அம்மா அதற்குப் பதில் சொல்வார். அதற்குப் பிறகு அவர் என்னிடம் "சொல்லுங்க, கேக்குது" என்று சொல்லப் போவதில்லை. அதை என்னால் தாங்க முடியாது என்று தோன்றியது.

"லைன்ல இருங்கம்மா, வரேன்," என்றேன்.

அவர் என் கையை விட்டு என் முகத்தைப் பார்த்தார். பிறகு சொன்னார், "இருக்கேன் மாஸ்டர்."

நான் படியிறங்கிப் போய்விட்டேன். பஸ் நிறுத்தத்தில் ஐந்து மணி வரை உட்கார்ந்திருந்தேன், பாடம் முடியும் நேரம் வரை. பிறகு அறைக்குப் போய்ச் சாப்பிட்டேன். புதன்கிழமை எனக்கு ஒரு பொமரேனியனும் ஒரு பக்கும் இருந்தன. புதன் மதியம் வரை அவருக்கு உயிர் இருந்தது என்று டாக்டர் எழுதியிருப்பதாகச் சொன்னீர்கள். அந்த நேரம் நான் பக்குக்கு 'இரு' சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். செவ்வாய் சாயங்காலமே வெளியூர் போன டெய்லர், வியாழக்கிழமை காலை திரும்பிவந்து, தைத்த திரைச்சீலையைக் கொடுக்கப் போனபோதுதான் பார்த்தார். ஆமாம், நான்தான். மணியை அழுத்த என் கைக்கு ஒரு நொடி போதும், அழுத்தவில்லை. எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் போடுவதற்கு முன் அந்த நோட்டையும் ஒரு நிமிடம் கொடுங்கள். பட்டனின் பக்கத்தில் உள்ள எண்ணை அடித்துவிட்டுப் பதினொன்று என்று எழுத வேண்டும். அந்த இனத்தைப் பற்றி யாராவது நாளைக்கு அதைப் புரட்டிப் பார்த்தால் தப்பாக நினைத்துவிடக் கூடாது. இந்த விஷயத்தில் என் மனசை உறுத்துவது அதுதான்.

இன்னொன்று. டெய்லர் உங்களிடம் ஏதோ சொன்னாராமே, பாசத்தால்தான் பட்டன் அவரை விட்டு நகரவில்லை என்று. அவர் துணி தைக்கிறவர், அவருக்கு நாயைப் பற்றி என்ன தெரியும். நான் அவசரத்தில் 'போதும்' என்று சொல்ல மறந்துவிட்டேன், அதனால்தான் அது எழவில்லை. இரண்டு நாள், சொல்லுக்குக் கட்டுப்பட்டு. உலகத்தில் வேறெந்தச் சின்ன நாயும் செய்யாது. நீங்கள் தண்ணீர்க் கிண்ணம் காலியாக இருந்தது என்கிறீர்கள். அது எழுந்து போய்க் குடித்துவிட்டு, பக்கத்திலேயே கிடந்த ஈரலைத் தொடாமல் அந்த அம்மாவிடமே திரும்பிப் போயிருக்கிறது என்கிறீர்கள். அப்படி இருக்காது. இரண்டு நாளில் தண்ணீர் தானாகவே வற்றிப்போயிருக்கும். என் கையால் வைத்த துண்டை வேண்டாம் என்று விட்ட நாய் இதுவரை ஒன்றுகூட இல்லை.